தலையாய கதை – 14: இலைப் படம் போட்ட புட்டி

சுருட்டை முடியை நேராக்கும் எரிசோடாவின் கதை போன வாரத்தோடு முடிந்தது. முடியிலுள்ள கெரட்டின் என்ற புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் இறுக்கிப் பிடித்திருக்கின்றன, அவற்றை அறுத்தால் சுருள் நிமிர்கிறது என்ற அளவுக்கு நினைவிருந்தால் போதும்.

இந்த வாரம், முடி நேராக்கிகள் குறித்த அமெரிக்காவின் புற்றுநோய் ஆய்வைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் எரிசோடா அத்தியாயம் வெளிவந்ததும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியோடு இருந்தன: "கெமிக்கல் வேண்டாம் மேடம். மூலிகையிலேயே நேராக்கிக்கொள்ள முடியாதா?" கேட்பவர்களில் பலர் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்ட பெண்கள். அவர்களைக் காக்கவைக்க மனம் வரவில்லை. பதில் தேடிப் போனேன். முடியில் தொடங்கிய தேடல் சிறுநீரகத்தில் போய் நின்றது. வியாழன் மாலைக்குள் பக்கத்தை முடித்தாக வேண்டும் என்பதால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன்.

முதலில் அடுக்களைப் பக்குவம். என் அக்கா மகளுக்கு நல்ல சுருட்டை முடி. கெட்டித் தேங்காய்ப்பாலில் எலுமிச்சம்பழச் சாறு பிழிந்து, சோளமாவைக் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் சேர்த்து, சிறு தீயில் கிளறிக்கொண்டே இருந்தாள். கரண்டியைத் தூக்கினால் வழியாமல் தொங்கும் பதத்தில் இறக்கி, ஆறவைத்து, வகிடு வகிடாகப் பிரித்துத் தடவினாள். ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, அலசி, சீப்பால் இழுத்து இழுத்துக் காயவைத்தாள். "தொட்டுப் பாருங்க சித்தி, எப்படிப் படிஞ்சிருக்கு!" உண்மையாகவே படிந்துதான் இருந்தது. அடுத்த எண்ணெய்க் குளியலில் சுருள் பழையபடி வந்துவிட்டது.

அந்தக் கலவை செய்தது இவ்வளவுதான். முடியில் கந்தகப் பிணைப்பைத் தவிர ஹைட்ரஜன் பிணைப்பு என்று இன்னொன்றும் உண்டு. அது பலவீனமானது, தண்ணீர் பட்டாலே விட்டுவிடும், காயும்போது மறுபடி பிடித்துக்கொள்ளும். ஈரமுடியை நேராக இழுத்துக் காயவைத்தால் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்கிறது. சோளமாவு மேலே மெல்லிய படலமாகி அதைக் காக்கிறது. தேங்காய்ப்பாலின் கொழுப்பு வழுவழுப்பைத் தருகிறது. எலுமிச்சையின் புளிப்பால் முடியின் மேல்செதில்கள் படிகின்றன. கந்தகப் பிணைப்பு பக்கம் இவற்றில் எதுவும் போவதில்லை. ஆளிவிதைக் கூழும் சோற்றுக்கற்றாழையும் இந்த வகைதான். மருதாணி சற்று வேறு: அதிலுள்ள லாசோன் என்ற சாயம் கெரட்டினோடு ஒட்டிக்கொள்வதால் முடி கனத்து, சிலருக்குச் சுருள் கொஞ்சம் தளரும். அதுவும் தளர்வதுதான், நிமிர்வதில்லை.

இதிலிருந்து நான் கண்டுகொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. தலைக்குக் குளித்த பிறகும் முடி நேராகவே நின்றால், அந்த வேலையைச் செய்தது மூலிகை இல்லை. புட்டிக்குள் வேறு ஏதோ இருக்கிறது.

இதை அமெரிக்கா 1994-இலேயே பார்த்துவிட்டது. அங்கே நள்ளிரவுத் தொலைக்காட்சியில் அரைமணி நேர விளம்பர நிகழ்ச்சிகள் ஓடும். அதில் வந்தது 'ரியோ' என்ற முடி நிமிர்த்தி. பிரேசில் மழைக்காட்டுச் செடிகளிலிருந்து எடுத்தது, முழுக்க இயற்கையானது, எரிசோடா இல்லாதது என்று சொல்லி விற்றார்கள். வாங்கியவர்களில் பெரும்பாலோர் கறுப்பினப் பெண்கள். தலைமுறை தலைமுறையாக எரிசோடாவில் மண்டை வெந்தவர்கள். சுருட்டை முடியோடு வேலைக்குப் போனால் ஒழுங்காக வாரவில்லை என்று பேச்சு வாங்கியவர்கள். 'காரம் இல்லை' என்ற சொல் அவர்கள் காதில் எப்படி விழுந்திருக்கும்! பணத்தைக் கட்டி வரவழைத்தார்கள். தடவியதும் முடி கொத்துக் கொத்தாகக் கையோடு வந்தது. மண்டை எரிந்தது. சிலருக்கு முடி பச்சை நிறமானது. புகார்கள் குவிய, அந்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 'பயன்படுத்தாதீர்கள்' என்று எச்சரித்தது. சோதித்துப் பார்த்தபோது அது கடுமையான அமிலத்தன்மையோடு இருந்தது, உள்ளே இருந்தது காப்பர் குளோரைடு. தாமிர உப்பு முடியில் ஏறினால் பச்சை பிடிக்கும். நீச்சல் குளத்தில் பொன்னிற முடி பச்சையாவதற்கும் குளோரினைவிடத் தாமிரமே காரணம். அழகுப் பொருள்களைச் சந்தைக்கு வரும் முன் எஃப்டிஏ பரிசோதித்து ஒப்புதல் தர வேண்டும் என்று அங்கே சட்டம் இல்லை. அதனால் அந்தப் பெண்களின் தலையே சோதனைக்கூடம் ஆனது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

'செடியிலிருந்து வந்தது' என்ற சொல்லே எதற்கும் உத்தரவாதம் இல்லை என்பதற்கு எரிசோடாவின் பூர்வீகமும் சாட்சி. ஆலைகள் வருவதற்கு முன் காரம் என்றால் மரச்சாம்பலை ஊறவைத்து வடித்த நீர்தான். சுண்ணாம்பு சேர்த்துக் காய்ச்சினால் தோலை அரிக்கும் அளவுக்கு உக்கிரமாகும். அசாமில் வாழைத் தோல் சாம்பலை வடித்து இன்றும் சமையலில் சேர்க்கிறார்கள். அமெரிக்காவின் முதல் காப்புரிமையே இந்தச் சாம்பல் உப்புக்குத்தான் என்று இந்த வாரம் படித்தபோது அசந்துபோனேன்: 1790 ஜூலை 31, பெற்றவர் சாமுவேல் ஹாப்கின்ஸ், கையெழுத்திட்டவர் ஜார்ஜ் வாஷிங்டன். முழுக்க முழுக்கத் தாவரப் பொருள். தலையில் வைத்தால் வெந்துவிடும்.

இன்றைய புட்டிக்கு வருகிறேன். அழகு நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண் எனக்காக ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். முன்பக்கம் ஆலிவ் கிளையும் கற்றாழை மடலும். 'ஆர்கானிக்' என்று பெரிய எழுத்து, 'ஃபார்மால்டிஹைடு இல்லை' என்று அதைவிடப் பெரிய எழுத்து. பின்பக்கம் பூதக்கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத பொடி எழுத்தில் உட்பொருள் பட்டியல். இந்தப் பட்டியல்களில் அளவு அதிகமுள்ளது முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்து இருந்த பெயர் கிளையாக்ஸிலிக் ஆசிட். கற்றாழையும் ஆலிவும் கடைசி வரியில், வாசனைக்குப் பக்கத்தில் இருந்தன. நானோபிளாஸ்டியா, ஆர்கானிக் கெரட்டின், ஹேர் போடாக்ஸ் என்று பல பெயர்களில் விற்கும் சிகிச்சைகளில் பலவற்றுக்கு இந்த அமிலமே ஆதாரம். இத்தகைய சிகிச்சைகளில் முன்பு இருந்த ஃபார்மால்டிஹைடுக்கு எதிராக 2011 வாக்கில் எச்சரிக்கைகள் வலுத்த பிறகு, அந்த இடத்துக்கு வந்தது இது.

கிளையாக்ஸிலிக் அமிலம் பழுக்காத காய்களில் இயற்கையாகவே இருப்பது. ஆகவே 'தாவர அமிலம்' என்று சொல்வது பொய்யில்லை. இது எரிசோடாபோலக் கந்தகப் பிணைப்பை அறுப்பதில்லை. கெரட்டினின் அமினோ பகுதிகளோடு சேர்ந்துகொண்டு, 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான இஸ்திரித் தகட்டால் இழுக்கும்போது, நேராக நிற்கும் நிலையிலேயே புதுக் கட்டுகளைப் போட்டுவிடுகிறது. அதனால்தான் குளித்தாலும் நிற்கிறது.

இனிதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி. பிரான்சு மருத்துவர்கள் 2024 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஒரு கடிதம் எழுதினார்கள். உடல்நலக் குறை எதுவும் இல்லாத 26 வயதுப் பெண். 2020 ஜூனிலும், 2021 ஏப்ரலிலும், 2022 ஜூலையிலும் முடியை நேராக்கிக்கொண்டார். ஒவ்வொரு முறையும் தலையில் எரிச்சல், புண், பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகுவலி. ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் திடீரென்று தடுமாறியது. தடவிய கிரீமில் 10 சதவீதம் கிளையாக்ஸிலிக் அமிலம். மருத்துவர்கள் அந்தக் கிரீமை எலிகளின் முதுகில் தடவினார்கள். வேறு சில எலிகளுக்கு வெறும் வாசலின். கிரீம் தடவிய எலிகளின் சிறுநீரில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் வந்தன, சிறுநீரகத்திலும் படிந்திருந்தன. வாசலின் எலிகளுக்கு ஒன்றுமில்லை.

ஆக, தோல் வழியாக அமிலம் ரத்தத்துக்குப் போகிறது. உடலில் இயல்பாகவே கிளையாக்ஸிலேட் கொஞ்சம் உருவாகும். கல்லீரலில் உள்ள நொதி ஒன்று அதைக் கிளைசின் என்ற அமினோ அமிலமாக மாற்றிவிடும். அளவு மிஞ்சினால் அது ஆக்ஸலேட் ஆகிறது, கால்சியத்தோடு சேர்ந்து ஊசிப் படிகமாகி, சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அடைக்கிறது. சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான ஊசிகளும் கால்சியம் ஆக்ஸலேட்தான்.

இஸ்ரேலிலும் இதே கதை. 2019-க்கும் 2022-க்கும் இடையில் முடி நேராக்கிய பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட 26 பேரை அங்குள்ள மருத்துவர்கள் தொகுத்தார்கள். 7 பேருக்குச் சிறுநீரகத் திசு எடுத்துப் பார்த்ததில் 6 பேரிடம் இந்தப் படிகங்கள் இருந்தன. சிலருக்குத் தலையில் தடிப்பு இருந்திருக்கிறது. 3 பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டிவந்தது.

அமிலத்தைப் பிரித்தெடுத்துப் புட்டியில் அடைத்ததால்தான் இந்தக் கேடு, செடி பாவம் என்று வாதாட வருபவர்களைக் கேரளத்துக்கு அழைத்துப்போகிறேன். அங்கே வீட்டுக்கு வீடு காய்க்கும் இரும்பன்புளி, நம் பக்கத்தில் பிலிம்பி என்போம். மீன்குழம்பில் நாலைந்து காய் போட்டால் ஒன்றும் செய்யாது. கொழுப்பைக் குறைக்கும் என்று யாரோ சொல்ல, சிலர் கெட்டிச் சாறாகப் பிழிந்து குடித்தார்கள். ஐந்து மருத்துவமனைகளில் இப்படி 10 பேர் சிறுநீரகம் செயலிழந்து சேர்ந்ததை 2013-இல் மருத்துவர்கள் பதிவுசெய்தார்கள். 7 பேருக்கு டயாலிசிஸ். காரணம் அதே ஆக்ஸலேட் படிகம். கலப்படம் இல்லை, ஆலை இல்லை, கொல்லைப்புறத்து மரம். எவ்வளவு, எந்த வழியாக உள்ளே போகிறது என்பதைத்தான் சிறுநீரகம் பார்க்கிறது. பிறந்த இடத்தை அது கேட்பதில்லை.

பிரான்சின் உணவு, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான ஆன்செஸ், கிளையாக்ஸிலிக் அமிலம் உள்ள நேராக்கிகளைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. நானும் அதையே சொல்கிறேன். அழகு நிலையத்தில் பேசும்போது முன்பக்கப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். 'கிளையாக்ஸிலிக்', 'கிளையாக்ஸிலாய்ல்' என்று தொடங்கும் பெயர் எது இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். காட்ட மறுத்தாலும் அப்படியே. ஏற்கெனவே செய்துகொண்டு, தலை எரிச்சலோடு வாந்தியோ முதுகுவலியோ வந்தால், பித்தம் என்று இஞ்சிக் கஷாயம் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவரிடம் முடி சிகிச்சை செய்ததைச் சொல்லி, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அவருக்கு அது தோன்றாமல் போகலாம். கல்யாணத்துக்கு ஒரு நாள் நேராக இருந்தால் போதும் என்பவர்களுக்குத் தேங்காய்ப்பாலும் சோளமாவும் போதும்.

புற்றுநோய் ஆய்வுக்கு இனி இடமில்லை. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. நேராக்கியே பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம் என்றும், அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டார்கள். ஆனால் எந்தப் பிராண்டு, என்ன உட்பொருள் என்று அந்தப் பெண்களிடம் கேட்கப்படவில்லை. இலைப் படம் போட்ட புட்டிகளும் அந்தக் கணக்குக்குள் இருந்திருக்கலாம். அந்த எண்களை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்பதற்கே ஒரு முழு அத்தியாயம் வேண்டும். அடுத்த வாரம் அதை எழுதுகிறேன்.