எழுத்தும் இலச்சினையும் இடம்பெயரும் கலை

முன்னுரை

கல்வெட்டில் பொறித்த எழுத்தை இடம் மாற்ற இயலாது. ஓலையில் கீறிய எழுத்தும் அத்தன்மையதே. கணினித் திரையில் தோன்றும் எழுத்தோ வேண்டிய இடத்திற்கு நகரும் இயல்புடையது. எனினும், எந்நிலையிலும் அது நகரும் எனக் கருதுதல் பொருந்தாது. படத்தோடு கலவாது தனித்து நிற்கும் வரையில்தான் எழுத்து நகரும். கலந்துவிட்டால் அதுவும் கல்லெழுத்தாகிவிடும். இதனை அறியாமையால், விழாக்களுக்கென ஆர்வத்தோடு உருவாக்கப்படும் முகத்திரைப் படங்கள் பலவற்றில் நிறுவனத்தின் பெயர் பாதி மறைந்தும், இலச்சினை நசுங்கியும் காணப்படுகின்றன. 'வால்பேப்பர்' என வழங்கும் அம்முகத்திரைப் படத்தில் எழுத்தையும் இலச்சினையையும் முறையாக இடம் மாற்றி அமைப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பாலசமுத்திரத்துக் காட்சி

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் பாலசமுத்திரம். அவ்வூரிலிருந்து மலையை நோக்கி எடுத்த நிழற்படம் ஒன்று நம்மிடம் இருப்பதாகக் கொள்வோம். கீழே பசுமை, நடுவே நீல மலை, மேலே வெளிர்வானம். அப்படத்தின் இடப்பக்க மேல்மூலையில் ஓர் இலச்சினையும், அடிப்பகுதியில் ஊரின் பெயரும் உள்ளன. கணினியில் இதனை இட்டவுடன் இரு குறைகள் தோன்றும். விண்டோஸ் முறையில் கோப்புகளின் குறும்படங்கள் இடப்பக்கத்திலிருந்தே வரிசையாக அமைவதால் இலச்சினை மறையும். அடியில் நீளும் பணிப்பட்டை ஊர்ப்பெயரை மூடும்.

மூன்றாவது குறை திரையின் அளவால் விளைவது. பழைய திரைகளுக்கேற்ப 1024 புள்ளி அகலமும் 768 புள்ளி உயரமுமாக அமைந்த படத்தை, மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள 1366, 768 அளவுத் திரையில் நிரப்புவதாகக் கொள்வோம். அகலம் 1366 ஆக விரியும்போது உயரமும் ஏறத்தாழ 1024 ஆகும். திரை காட்டவல்லதோ 768 மட்டுமே. எஞ்சிய 256 புள்ளிகள் மேலும் கீழுமாகப் பங்கிட்டு வெட்டப்படும். அஃதாவது, படத்தின் உயரத்தில் மேலே எட்டிலொரு பங்கும் கீழே எட்டிலொரு பங்கும் இழக்கப்படும். வெட்டாமல் இழுத்துப் பொருத்தினாலோ வட்ட இலச்சினை முட்டை வடிவமாகிவிடும். ஆகவே, வலப்பக்க வானவெளியில், மேல்விளிம்பிலிருந்து எட்டிலொரு பங்கிற்கும் கீழாக, எழுத்தையும் இலச்சினையையும் அமைப்பதே தக்கது.

அடுக்குகளின் வரலாறு

படத்தைத் திருத்தும் மென்பொருள்களுள் புகழ்பெற்றது போட்டோஷாப். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் அமெரிக்க உடன்பிறப்புகள் உருவாக்கிய இதனை அடோபி நிறுவனம் 1990ஆம் ஆண்டு வெளியிட்டது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கண்ணாடித் தாள்களை வைத்தாற்போன்ற 'லேயர்' என்னும் அடுக்கு முறை 1994இல் அதன் மூன்றாம் பதிப்பில் வந்தது. அதன் பின்னரும் எழுத்துகள் தட்டச்சிட்டவுடன் வெறும் புள்ளிகளாகவே மாறின. எழுத்து எழுத்தாகவே நின்று, பின்னரும் திருத்தத்தக்க நிலை 1998இல் ஐந்தாம் பதிப்பிலேயே வாய்த்தது. கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களான ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் ஆகிய இருவர் 1995இல் தொடங்கிய கிம்ப் என்னும் மென்பொருளோ விலையின்றிக் கிடைப்பது. மாணவர்க்கு இதுவே உகந்தது எனலாம்.

செய்முறை

அடுக்குகளோடு சேமித்த மூலக்கோப்பு கைவசம் இருப்பின் பணி எளிது. போட்டோஷாப்பில் இது பிஎஸ்டி எனவும், கிம்ப்பில் எக்ஸ்சிஎப் எனவும் முடியும். கிம்ப்பில் அக்கோப்பைத் திறந்து, அடுக்குப் பட்டியலில் எழுத்தடுக்கைத் தேர்ந்து, நகர்த்தும் கருவியால் இழுத்தால் போதும். ஈண்டு ஒரு தடுமாற்றம் நேர்வதுண்டு. எழுத்தின் கோடுகளுக்கு இடையேயுள்ள வெற்றிடத்தில் சுட்டியை அழுத்தினால், எழுத்து நிற்க மலை நகர்ந்துவிடும். தேர்ந்த அடுக்கை மட்டும் நகர்த்துமாறு கருவியின் விருப்பத்தை மாற்றுவதே இதற்கு மருந்து. இலச்சினையின் அளவைக் குறைக்கும்போது அகலமும் உயரமும் ஒரே விகிதத்தில் மாறுமாறு பிணைத்துக்கொள்ளல் வேண்டும்.

மூலக்கோப்பு இல்லாது ஜேபெக் படம் மட்டுமே இருப்பின் எழுத்தை நகர்த்த இயலாது. அழித்துப் புதிதாக எழுதவே இயலும். 'குளோன்' கருவியைக் கொண்டு அருகிலுள்ள பகுதியைப் படியெடுத்து எழுத்தின்மேல் பூச வேண்டும். வானத்தின்மேல் இருந்த எழுத்தை அழிப்பது எளிது. மரங்களின்மேலும் மலைவிளிம்பின்மேலும் இருந்ததை அழிப்பது அரிது. அன்றியும், ஜேபெக் முறை படத்தைப் பக்கத்திற்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பகுத்துச் சுருக்குவதால் எழுத்தோரங்களில் அழுக்குப் படிந்தாற்போன்ற கறை தோன்றும். மீண்டும் மீண்டும் திருத்திச் சேமிக்குந்தோறும் அது மிகும். எனவே, முடிந்த படத்தைப் பிஎன்ஜி வடிவில் வெளியிட்டு, மூலக்கோப்பைத் தனியே பேணுவதே அறிவுடைமை.

தமிழ் எழுத்தின் தனிச்சிக்கல்

தமிழுக்கே உரிய இடர் ஒன்றும் உண்டு. 'கொ' என்னும் எழுத்தை ஒருங்குறியில் ககரமும் அதனைத் தொடரும் உயிர்க்குறியுமாகக் கணினி பதிகிறது. திரையில் தோன்றும்போது அவ்வொரு குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் முன்னும் பின்னும் நிற்க வேண்டும். மென்பொருள் இவ்விதியை அறியாவிடில் கொம்பு இடம் மாறி, சொல் சிதையும். கிம்ப்பின் இன்றைய பதிப்புகள் இதனைத் தாமே செம்மையாகச் செய்கின்றன. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் இந்திய மொழிகளுக்குரிய எழுத்தமைப்பு முறையைத் தேர்ந்த பின்னரே எழுதத் தொடங்க வேண்டியிருந்தது. படத்தில் ஒருமுறை உறைந்துவிட்ட பிழையைத் தேடிக் கண்டு திருத்தும் எழுத்துப்பிழை திருத்தி எதுவும் கைகொடாது. படத்தை வெளியிடுமுன் தமிழறிந்தார் ஒருவர் அதனைப் படித்துப் பார்த்தல் நன்று.

கைவண்ணமும் கடப்பாடும்

எழுத்தை அழிக்கும் திறன் பெற்றோர் எதனை அழிக்கலாகாது என்பதையும் அறிதல் வேண்டும். படத்தின் மூலையில் சிறிதாக நிற்கும் பெயர் எடுத்தவரின் உரிமைக் குறியாகும். இடையூறாக இருக்கிறதென அதனை நீக்குவது அவர்தம் உழைப்பை மறைப்பதாகும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65பி பிரிவு, இத்தகைய உரிமைத் தகவலை அனுமதியின்றி அறிந்தே நீக்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளது. அவ்வாறே நான்முகச் சிங்கச் சின்னத்தை அழகு கருதி விரும்பியவாறு பயன்படுத்துவதையும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. நமக்கு உரிமையுள்ள எழுத்தையும் இலச்சினையையும் மட்டுமே நாம் இடம் மாற்றலாம்.

முடிவுரை

2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் சிற்றூர் மாணவர்தம் இல்லங்களிலும் கணினி புகுந்தது. கருவி கைக்கு வந்தபின் வேண்டுவது பயிற்சியே. எழுத்தைத் தனியடுக்கில் வைத்தல், மூலக்கோப்பைக் காத்தல், விளிம்பை விட்டு விலகி அமைத்தல், தமிழைப் பிழையறப் பொறித்தல், பிறர் பெயரைப் பேணுதல் என்னும் ஐந்தையும் கைக்கொள்ளும் மாணவர் உருவாக்கும் படத்தில் ஊரின் பெயரும் மறையாது. படம் எடுத்தவரின் பெயரும் மறையாது.