அறுநூறு கிலோமீட்டர் (தொடர் – 6)

சென்ற வாரம் 1864-ஆம் ஆண்டு சவுக்கடிச் சட்டத்தோடு நிறுத்தியிருந்தேன். சிறுவன் திருடினால் பிரம்படி, இல்லையென்றால் பெரியவர்களோடு சிறை. இந்த இரண்டும் வேண்டாம் என்று சொல்ல இங்கிலாந்திலிருந்து ஒரு பெண்மணி கப்பலேறி வந்தார். அவர் மேரி கார்பென்டர்.

பிரிஸ்டல் நகரில் 1854-இல் சிறுமிகளுக்கான சீர்திருத்தப் பள்ளி தொடங்கியவர் அவர். அங்கே அந்த ஆண்டு வந்த சட்டப்படி, பிள்ளை பள்ளிக்குப் போகுமுன் குறைந்தது 14 நாள் சிறையில் இருந்தாக வேண்டும். பாவத்துக்குத் தண்டனை, அதன் பிறகே படிப்பு என்று நினைத்த காலம். கார்பென்டர் அதை எதிர்த்தார். 1866-இல் முதல் முறை இந்தியா வந்து, இங்குள்ள சிறைகளைப் பார்த்து அரசுக்கு எழுதினார். பத்தாண்டு கழித்து, 1876-இல், இந்தியாவுக்கும் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. சென்னை மாகாணத்துப் பள்ளி 1887-இல் செங்கல்பட்டில் அமைந்தது.

1897-இல் திருத்தி எழுதிய சட்டம் சொன்ன கணக்கைப் பாருங்கள். பதினைந்து வயது நிறையாத பையன். குறைந்தது 3 ஆண்டு, கூடினால் 7 ஆண்டு. பதினெட்டு வயதுக்கு மேல் வைக்கக் கூடாது. பதினோரு வயதில் பிடிபட்டவன் மீசை முளைத்துத்தான் வீடு திரும்புவான். தறியோ தச்சோ கற்றுக்கொண்டிருப்பான், நாலெழுத்தும் படித்திருப்பான். இடையில் வீட்டில் யார் செத்தார்கள், எந்த அக்காளுக்குக் கல்யாணம் ஆனது என்பதெல்லாம் அவனுக்குச் சேதிதான். கெட்டது ஊரும் உறவும்தான், பிள்ளையை அதிலிருந்து பிய்த்து எடுத்தால் திருந்திவிடுவான் என்பதே அந்தப் பள்ளிகளின் அடிப்படை. அது பிழையான எண்ணம் என்பது என் உறுதியான கருத்து.

நம் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகள் அன்று இந்தச் சட்டத்துக்குள் வரவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு இந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் சட்டம், பணகுடிப் பக்கம் வெள்ளைக்காரன் சட்டம். 1920-இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டம் கொண்டுவந்தபோதும் நாம் கணவாய்க்கு இப்பால்தான் இருந்தோம். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழகத்தோடு சேர்ந்தன. செங்கல்பட்டும் நமக்கானது.

அந்தப் பள்ளி இன்று அரசு சிறப்பு இல்லம். ‘குற்றவாளி’ என்ற சொல் போய், ‘சட்டத்துக்கு முரண்பட்ட சிறார்’ என்றாகிவிட்டது. 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே வைக்கும் காலம் 3 ஆண்டைத் தாண்டக் கூடாது. பிள்ளையின் பெயரோ முகமோ வெளியே வரக் கூடாது. எல்லாம் நல்ல மாற்றம். தூரம் மட்டும் குறையவில்லை.

கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஒருமுறை எதிர் இருக்கையில் தோவாளைக்காரி ஒருத்தி இருந்தாள். மடியில் தூக்குவாளி, அதில் முந்திரிக்கொத்து. இரவு முழுக்கக் கண் மூடவில்லை. எங்கே போகிறீர்கள் என்றதற்கு, “மவன் அங்க படிக்கான் மக்கா” என்றாள். பிறகு ஜன்னலைப் பார்த்தபடி, “மொகத்தப் பாத்தா போரும்” என்றாள். விடியும் முன், கொளவாய் ஏரி இருட்டாய்க் கிடக்க, செங்கல்பட்டில் இறங்கிப் போனாள். அவளுக்கு இரண்டு நாள் பூக்கட்டுக் கூலி போச்சு.

அதே செங்கல்பட்டில், விசாரணை முடியும்வரை சிறாரை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் 2022 டிசம்பர் கடைசியில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இறந்தான். அடித்துக் கொன்றதாக ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகு அரசு நீதிபதி சந்துருவை நியமித்து இல்லங்களை ஆராயச் சொன்னது. பெற்றவர்கள் வாரந்தோறும் வந்து போகிற இடத்தில் பிள்ளைமேல் கை ஓங்க யாரும் யோசிப்பார்கள். தென்மாவட்டங்களுக்கென்று ஒரு சிறப்பு இல்லத்தை அரசு இங்கேயே அமைக்க வேண்டும். அதுவரை, பிள்ளையைப் பார்க்கப் போகும் தாய் தகப்பனுக்கு ரயில் கட்டணத்தையாவது கொடுக்க வேண்டும்.

(தொடரும்)