மனைப் பட்டறையில் ஒரு சிறு டீசல் எஞ்சின்

முந்தற் களப்பின் கரையில் வாழும் எமக்கு டீசல் எஞ்சின் புதியதொன்றன்று. கடலுக்குப் போகும் வள்ளங்களிலும், இறாற் பண்ணைகளின் நீரிறைக்கும் இயந்திரங்களிலும், மின்சாரம் நின்றுபோகும் இரவுகளில் உயிர்கொள்ளும் மின்பிறப்பாக்கிகளிலும் அதன் ஓசையைக் கேட்டே வருகின்றோம். ஆயினும் அதனை வாங்குகின்றோம், ஓட்டுகின்றோம், பழுதுற்றால் உதிரிப்பாகம் மாற்றுகின்றோம். ஆக்குதல் என்பது பெருந் தொழிற்சாலைகளுக்கே உரியதென எண்ணி விடுகின்றோம். உள்ளங்கையில் அடங்கும் டீசல் எஞ்சின் ஒன்றை மனைப் பட்டறையிற் கடைந்து ஓட்ட முடியும். அதன் வெற்றி பெரும்பாலும் ஓரிடத்தையே சார்ந்தது. அவ்விடம் யாதென்பதை இக்கட்டுரையிற் கூற முயல்வோம்.

காற்றை விரைந்து நெருக்கினால் அது சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை அறியாத மாணவர் இலர். மலாய் நாட்டினர் இவ்வுண்மையைக் கொண்டே முன்னாளில் நெருப்பு மூட்டினர். ஒரு முனை அடைபட்ட சிறு குழாயினுள், இறுகப் பொருந்தும் தண்டொன்றை ஒரே அடியிற் செலுத்த, அதன் நுனியில் வைத்த பஞ்சு போன்ற பொருள் தணலாகும். யேர்மானியரான றுடோல்வ் டீசல் 1897இல் அவுக்ஸ்பேர்க் நகரில் இயக்கிக் காட்டிய 20 பரிவலு எஞ்சினின் அடிப்படையும் இதுவே. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக நெருக்கினால், கணக்கின்படி அதன் வெப்பநிலை 600 பாகை செல்சியசைக் கடக்கும். அவ்வேளையில் எண்ணெயைத் தூவினால் பொறியின்றியே அது பற்றிக்கொள்ளும்.

அப்படியாயின் பெரிய எஞ்சினின் படத்தை எடுத்து, அளவுகளைச் சுருக்கிச் செய்துவிடலாகாதா? ஆகாது. எஞ்சினின் நீள அகலங்களைப் பாதியாக்கினால் உள்ளிருக்கும் காற்று எட்டில் ஒன்றாகக் குறையும். அதனைச் சூழ்ந்த சுவரின் பரப்போ நான்கில் ஒன்றாகவே குறையும். அதாவது, சிறிதாகச் சிறிதாகக் காற்றின் சூட்டைச் சுவர் விழுங்கிவிடுகின்றது. இன்னுமொரு தடையும் உண்டு. 5 கனசென்ரிமீற்றர் எஞ்சின் ஒன்றின் உருளையுள் அடங்கும் காற்றின் நிறை ஏறக்குறைய 6 மில்லிகிராம். அதற்கு வேண்டிய எண்ணெய் அரைக் கனமில்லிமீற்றர் அளவினது. கடுகினுஞ் சிறிய இத்துளியை அளந்து, ஒவ்வொரு சுற்றுக்கும் தப்பாமற் பீச்சுகின்ற பம்பியை மனைப் பட்டறையிற் செய்வதென்பது எஞ்சினைச் செய்வதினும் பன்மடங்கு கடினம்.

இவ்விரு இடர்களையும் ஒரே உபாயத்தால் கடந்தனர். பீச்சுபம்பியை நீக்கிவிட்டு, எண்ணெயைக் காற்றோடு முன்னரே கலந்து காபுரேட்டர் வழியாக உள்ளிழுக்கச் செய்தனர். ஏறத்தாழ 160 பாகையிலேயே தானாகப் பற்றும் ஈதரை அவ்வெண்ணெயிற் சேர்த்தனர். ஆகவே, கண்டிப்பாகப் பேசினால் இது பெயரளவிலேயே டீசல்; நெருக்கத்தாற் பற்றும் ஈரடிப்பு எஞ்சின் என்பதே பொருந்தும். 1940களின் தொடக்கத்தில் சுவிற்சர்லாந்திலிருந்து வந்த 'டைனோ' என்னும் 2 கனசென்ரிமீற்றர் எஞ்சின் இவ்வகையில் முன்னோடி. பற்றரியும் சுருளும் சுமக்க வேண்டாமையால் சிறு விமானங்களுக்கு இவ்வகை மிகவும் ஏற்றதாயிற்று. போர் முடிந்தபின் இங்கிலாந்தில் இது பரவியது. பேர்சிவல் மார்ஷல் 1898இல் இலண்டனில் தொடங்கிய 'மொடல் எஞ்சினியர்' சஞ்சிகையின் வாசகர்களுக்கு மனைப் பட்டறை புதியதன்று. அவ்வுலகில் நன்கறியப்பட்ட எல். எச். ஸ்பேரி என்பவர் வரைந்த 5 கனசென்ரிமீற்றர் டீசலை இன்றும் பலர் செய்து வருகின்றனர்.

வேண்டிய கருவிகள் பல அல்ல. சிறியதொரு லேத், துளையிடும் கருவி, அரம், நுண்மானி ஆகியன போதும். பழைய மோட்டார் பிஸ்டன்களை உருக்கி வார்த்த அலுமினியம் எஞ்சினின் உடலுக்கு மிக நன்று. கிராங்குத் தண்டை ஒரே உருக்குத் துண்டிலிருந்து கடையலாம். இவற்றிலெல்லாம் நூறில் ஒரு மில்லிமீற்றர் பிழை நேர்ந்தாலும் பெரும்பாலும் எஞ்சின் பொறுத்துக்கொள்ளும்.

பொறுத்துக்கொள்ளாத இடம் ஒன்று உண்டு. உருக்கினாலான உருளைக்கும் வார்ப்பிரும்பினாலான பிஸ்டனுக்கும் இடையிலுள்ள வெளியே அது. இச்சிறு பிஸ்டனுக்கு வளையங்கள் கிடையா. 18 மில்லிமீற்றர் துளையில் இரண்டு மூன்று மைக்குரோன் வெளியே இருத்தல் வேண்டும். தலைமயிரின் தடிப்போ 70 மைக்குரோன் அளவினது. இதனை லேத்தின் உளி தராது. கைதான் தர வேண்டும். செம்பினால் அல்லது அலுமினியத்தினால் விரியக்கூடிய தண்டொன்று செய்து, அதில் அரைபசை தடவி, உருளையினுள் முன்னும் பின்னுமாக ஓயாது நகர்த்தித் தேய்க்க வேண்டும். பின்னர் பசையை மாற்றி மாற்றி, ஈற்றில் பித்தளை துலக்கும் பசையால் முடித்தல் நன்று. ஒவ்வொரு முறையும் மண்ணெண்ணெயிற் கழுவாவிடின் பருமணல் ஒன்று எஞ்சி நின்று எல்லாவற்றையும் கீறிவிடும். பிஸ்டனுக்குத் தனியாக வளைய வடிவத் தேய்கருவி வேண்டும். பிஸ்டனையே உருளையில் இட்டுப் பசையோடு தேய்ப்பாரும் உளர். துளையின் வாய் மணிபோல் விரியுமாதலின் நாம் அதனை விரும்புவதில்லை. துளை மேல்நோக்கிச் சற்றே ஒடுங்கியிருத்தல் நலம். கீழே தளர்வாக ஓடும் பிஸ்டன், நெருக்கம் மிகும் உச்சியில் இறுகும்.

அளவுகருவி கைவிடும் இவ்வெல்லையிற் சோதனை எங்ஙனம்? உருளையின் மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து, எண்ணெய் தடவிய பிஸ்டனைக் கீழிருந்து இழுத்துப் பாருங்கள். வெளிவரும்போது போத்தலின் தக்கை கழல்வதுபோல் ஓசை எழ வேண்டும். இங்கே முந்தலின் வெயிலையும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். உலோகத் துண்டைக் கையிற் பிடித்திருந்து எட்டுப் பாகை சூடேற்றினால் 18 மில்லிமீற்றர் இரும்பு ஒன்றரை மைக்குரோன் பருத்துவிடும். நாம் தேடும் வெளியிற் பாதி அதனாலேயே மறையும். ஆகையால் இரண்டையும் ஒரே பாத்திர மண்ணெண்ணெயில் வைத்திருந்து, காலை வேளையிற் பொருத்திப் பார்ப்பதே முறை.

இத்தகைய நுட்பம் விளையாட்டுப் பொருளுக்கு எதற்கென்று வினவலாம். வள்ளத்து டீசல் எஞ்சினின் பீச்சுபம்பியைக் கழற்றிப் பாருங்கள். அதனுள் ஓடும் தண்டும் அதன் உறையும் இவ்வாறே, இவ்வளவு வெளியிலேயே பொருத்தப்பட்டவை. அவை சோடியாகப் பிறந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் எண்ணெய் கசியும், அமுக்கம் விழும், எஞ்சின் தொடங்க மறுக்கும். உப்புநீர் கலந்த எண்ணெயோ வடிக்காத எண்ணெயோ அதனுட் புகுந்தாலும் முடிவு அதுவே. கடற்றொழிலாளியின் ஒரு நாள் உழைப்பு மூன்று மைக்குரோனிற் போய்விடுகின்றது. ஒரு முறை தன் கையாற் பிஸ்டன் தேய்த்த மாணவன் எண்ணெய் வடியைத் திறந்தபடி விடமாட்டான்.

எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் ஆகிய மூன்றின் சமபங்குக் கலவை. ஈதர் 35 பாகையிற் கொதிப்பது. எம்மூர்ப் பகல் வெயிலுக்கு அது சிறிதே மேல். அதன் ஆவி காற்றினும் பாரமானது. தரையோடு தவழ்ந்து சென்று தூரத்து அடுப்பிலும் பற்றும். மூடிய அறையிற் கலத்தலாகாது. நாட்பட்ட ஈதரில் வெடிக்கும் பொருள்கள் உண்டாகும். ஆதலின் கபிலநிறப் போத்தலிற் சிறிதளவே வைத்திருத்தல் வேண்டும். மாணவர் இதனை ஆசிரியரின்றித் தொடுதல் கூடாது.

உருளையின் தலையில் எதிர்ப்பிஸ்டன் ஒன்று இறுக்கமாக அமர்ந்திருக்கும். மேலுள்ள திருகால் அதனை இறக்கினால் நெருக்கம் கூடும். முதன்முறை தொடங்கும்போது திருகைத் தளர்த்தி, எண்ணெய் ஊசியைச் சற்றுத் திறந்து, விசிறியை விரலாலன்றிக் கட்டையாற் சுழற்றுதல் வேண்டும். எண்ணெய் மிகுந்து உருளையுள் தேங்கியிருக்கையில் வலிந்து சுழற்றினால், திரவம் நெருங்காதாகையால் இணைப்புத் தண்டு வளையும். திருகைச் சிறிது சிறிதாக இறக்க, ஓரிடத்தில் எஞ்சின் வெடித்து ஓடத் தொடங்கும். முதல் அரைமணி நேரமும் எண்ணெய் மிகுதியாகவே, இடையிடையே நிறுத்தி ஆறவிட்டு ஓட்டுக. புகைவாயிலிருந்து வடியும் எண்ணெய் முதலிற் கறுப்பாயிருக்கும். அது தேய்ந்த இரும்பின் நிறம். அவ்வெண்ணெய் தெளிந்து ஆமணக்கின் இயல்பான மஞ்சளுக்குத் திரும்பிய பின்னரே எஞ்சினை முழு வேகத்தில் விடலாம்.