விபத்து இழப்பீடு: இத்தா முடியும்வரை காத்திருக்க வேண்டாம்



சாலை விபத்தில் கணவர் மவுத்தானால், மனைவிக்கு இத்தா 4 மாதம் 10 நாள். இழப்பீட்டு மனு போட மோட்டார் வாகனச் சட்டம் தரும் கெடு 6 மாதம். இத்தா முடியட்டும் என்று இருந்தால் மிஞ்சுவது சுமார் 50 நாள்தான்.

ஆகவே சகோதரரோ மாமனாரோ உடனே முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வருமான ஆதாரம், இடித்த வண்டியின் இன்சூரன்ஸ் விவரம் ஆகியவற்றைச் சேகரிக்க வேண்டும். வக்காலத்தில் மனைவியின் கையெழுத்தை வீட்டிலேயே வாங்கிக்கொள்ளலாம். வெற்றுத் தாளில் மட்டும் யாரும் கையெழுத்துப் போடாதீர்கள். மனைவி, பிள்ளைகள், தாய் தகப்பன் எல்லார் பெயரும் மனுவில் இருக்கட்டும்.

விபத்து சென்னையில் நடந்திருந்தாலும், கூரத்தில் குடியிருப்பவர் காஞ்சிபுரத்திலேயே மனு போடலாம். இடித்த வண்டி எதுவென்று தெரியாவிட்டாலும் மனம் தளர வேண்டாம். மத்திய அரசின் திட்டத்தில் இறப்புக்கு 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு.

வக்கீல் செலவுக்கு அஞ்ச வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், வருமானம் எவ்வளவு என்று பாராமல், வக்கீல் இலவசம். நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் அலுவலகத்தில் கேளுங்கள்; 15100 என்ற எண்ணிலும் பேசலாம்.

விபத்தில் வண்டி ஓட்டியவர் நம் பிள்ளையாக இருந்து, லைசென்ஸை முடக்குவதாக ஆர்டிஓ அலுவலக நோட்டீஸ் வந்தால், அதற்குப் பதில் எழுதாமல் விடாதீர்கள். விளக்கம் சொல்வது அவர் உரிமை. உத்தரவு கைக்கு வந்துவிட்டால் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

அல்லாஹ் நம் அனைவரையும் பாதுகாப்பானாக.