கையெலும்பு முறிவும் வெளிச்சட்டமும்

மனிதனுடைய கை ஒவ்வொன்றிலும் 27 எலும்புகள் இருக்கின்றன. மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. இவற்றின்மேல் தசைநாண்கள் தடையின்றி இழுபடுவதாலேயே பேனாவைப் பிடிக்கிறோம், திருகாணியை முடுக்குகிறோம். ஆதலால், கையில் முறிந்த எலும்பு கூடிவிட்டால் மட்டும் போதாது. விரல் மடங்கி நிமிரவும் வேண்டும்.

தோல் கிழியாத எளிய முறிவுக்குப் பெரும்பாலும் மாக்கட்டே போதும். ஆலையிலோ அச்சகத்திலோ இயந்திரத்தில் அகப்பட்டு நசுங்கிய கையின் நிலை வேறு. எலும்பு துண்டு துண்டாகச் சிதறியிருக்கும். கிழிந்த சதையில் எண்ணெயும் அழுக்கும் படிந்திருக்கும். மாக்கட்டிட்டு மூடினால் புண்ணைக் கழுவிக் கவனிப்பது அரிது. உள்ளே தகடு வைப்பதானால், நைந்த சதையை மேலும் விலக்க நேரும்; சீழ் பிடிக்கும் அபாயமும் பெருகும்.

இத்தகைய முறிவுகளுக்குக் கைகொடுப்பதே வெளிச்சட்டம். மருத்துவர் முதலில் புண்ணைக் கழுவி, கெட்ட சதையை நீக்குகிறார். பிறகு எலும்பை நேராக்கி, முறிவின் இருபுறமும் மெல்லிய உலோக ஊசிகளைத் தோலின் வழியே எலும்பில் செலுத்துகிறார். வெளியே நீண்டிருக்கும் ஊசிகளை ஒரு சிறு தண்டோடு பூட்டிவிடுகிறார். ஒடிந்த கொடியைக் கொம்பு தாங்குவதுபோல, அத்தண்டு எலும்பு குறுகாமலும் கோணாமலும் காக்கிறது. புண்ணோ திறந்திருப்பதால், நாள்தோறும் கவனிக்கவும், வேண்டுமானால் தோல் ஒட்டவும் இயலுகிறது.

இது நெடுநாளாய் வளர்ந்த முறை. பெல்ஜிய நாட்டு மருத்துவர் ஆல்பின் லம்போத் 1902-இல் இத்தகைய கருவியைக் கையாண்டார். ஸ்விட்சர்லாந்தின் ராவுல் ஹோஃப்மன் 1938-இல் அதனைத் திருத்தமுறச் செய்தார். இன்று விரலெலும்புக்கேற்ற மிகச் சிறிய சட்டங்களும் உள்ளன.

குறைகளும் இல்லாமலில்லை. ஊசி நுழைந்த இடத்தில் சீழ் பிடிக்கலாம், ஊசி தளரலாம், மூட்டு விறைக்கலாம். ஆகவே, மருத்துவர் சொன்னபடி ஊசியடியைத் துப்புரவாக வைத்துக்கொள்ள வேண்டும். கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்தால் வீக்கம் தணியும். கட்டில்லாத விரல்களை, மருத்துவர் அனுமதித்தவுடன், அசைத்துப் பழக வேண்டும். புகையிலை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். சிவப்பு, சீழ், காய்ச்சல் கண்டால் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்க. பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்களில் சட்டத்தைக் கழற்றிவிடுவர். பயிற்சியோ அதன் பின்னரும் தொடரவேண்டும்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மவர்க்கு ஒரு வார்த்தை. பாஷை தெரியாத ஊரில் சிகிச்சையா என்று அஞ்சி, கையைத் துணியால் சுற்றிக்கொண்டு சொந்த ஊருக்கு ரயிலேறுவது பெருந்தீங்கு. தோல் கிழிந்த முறிவுக்கு அன்றைக்கே, அந்த ஊரிலேயே சிகிச்சை தொடங்க வேண்டும். மோதிரத்தை உடனே கழற்றி, சுத்தமான துணியால் புண்ணை மூடி, கையை உயர்த்திப் பிடித்து, அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கு விரைக. 1952-இல் கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தில் பதிவு பெற்றவர்கள் தம் காப்பீட்டு எண்ணையும் உடன் கொண்டு செல்க. உடன் பேச ஒரு நண்பரை அழைத்துக்கொள்ளலாம். அவர் வரும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம்.