கோடை விடுமுறையில் தொட்டுப் பார்க்கும் அறிவியல்

தண்டலத்தைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியில் எங்கள் மாணவர்களின் பெற்றோர் பலர் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் வேலை செய்கிறார்கள். மே மாதத்தில் பிள்ளைகளுக்குத் துணை பூட்டிய வீடும் கைப்பேசியும்தான். நகரத்துக் கட்டண முகாம்கள் இவர்களுக்கு எட்டுவதில்லை. ஆகவே, இயற்கை வரலாற்று அருங்காட்சியகங்கள் நடத்தும் கோடை முகாமின் முறையை நம் பள்ளியிலேயே எப்படிக் கையாளலாம் என்பதை இங்கே பகிர்கிறேன்.

மைசூருவில் காரஞ்சி ஏரிக்கரையில் 1995-இல் தொடங்கப்பட்ட மண்டல இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், கோடையில் மாணவர்களுக்கு இயற்கைக் கல்வி முகாம்களை நடத்தி வருகிறது. டெல்லியில் 1978-இல் திறக்கப்பட்ட தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், குழந்தைகள் மாதிரிகளைக் கையில் எடுத்துப் பார்ப்பதற்கென்றே ஓர் அறை இருந்தது. (2016-இல் ஏற்பட்ட தீ விபத்தில் அந்த அருங்காட்சியகம் அழிந்துபோனது.) பொருள் முதலில், விளக்கம் பிறகு என்பதே இம்முறையின் அடிப்படை.

வகுப்பறையில் இதை மூன்று படிகளாகச் செய்யலாம்.

1. பார்த்தல்: ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு பொருள். நத்தை ஓடு, புங்கங்காய், காலியான குளவிக் கூடு, சரளைக்கல் என எதுவாகவும் இருக்கலாம். பத்து நிமிடம் ஆசிரியர் பேசக்கூடாது.

2. வரைதல்: பொருளின் அளவை அளந்து, கண்ணில் பட்டதை மட்டும் வரைய வேண்டும். அழகு முக்கியமில்லை.

3. கேட்டல்: ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது எழுத வேண்டும். பெயரையும் விளக்கத்தையும் அதன்பின்தான் சொல்ல வேண்டும். பெயரை முதலில் சொல்லிவிட்டால், விடை கிடைத்துவிட்டதாக நினைத்து மாணவர்கள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள்.

எங்கள் முகாமில் ஒடியா பேசும் வீட்டிலிருந்து வந்த ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தி, வகுப்பில் வாய் திறக்கவே தயங்குபவள், மண்குளவிக் கூட்டை அறை அறையாக வரைந்தாள். மற்ற அறைகளில் ஓட்டை இருக்க, ஒன்றில் மட்டும் இல்லாததை விரலால் சுட்டிக் காட்டினாள். குளவி ஒவ்வோர் அறையிலும் சிலந்திகளை அடைத்து, முட்டையிட்டு மூடிவிடும். புழு அவற்றைத் தின்று வளர்ந்து, குளவியாகி, துளையிட்டு வெளியேறும். வெளியேறாத குளவிக்கு என்ன ஆயிற்று என்பதுதான் அவளுடைய கேள்வி. மொழி தடையாக இருக்கும் பிள்ளைகளுக்கு இம்முறை கைகொடுக்கிறது.

அடுத்து, உள்ளூர் மண். "நம் ஊரில் என்ன இருக்கிறது?" என்று கேட்டால், மாணவர்கள் தொழிற்சாலைகளின் பெயர்களையே சொல்வார்கள். ஆனால் ஸ்ரீபெரும்புதூரின் பெயரிலேயே ஒரு பாறைத் தொகுதி நிலவியலில் அறியப்படுகிறது. அதன் களிப்பாறைகளில் 10 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய தாவரங்களின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. இப்பகுதியை ஆராய்ந்த நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட், 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கமும் கண்டறியப்பட்டது. அங்குள்ள கற்கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஃபுட் திரட்டிய தொகுப்பைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் காணலாம். பூண்டியிலும் அகழ்வைப்பகம் உள்ளது.

இக்காலக்கணக்கை மைதானத்தில் நடந்தே உணர்த்தலாம். ஒரு மீட்டர் என்பது 10 லட்சம் ஆண்டுகள் என்று கொள்வோம். புதைபடிவத் தாவரங்கள் 100 மீட்டருக்கு அப்பால் நிற்கும். அத்திரம்பாக்கத்துக் கருவிகள் ஒன்றரை மீட்டரில் வரும். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தி தொடங்கியது எங்கே வரும்? மாணவர்களே கணக்கிடட்டும். விடை, தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அறிவியல், கணிதம், சமூக அறிவியல் ஆகிய மூன்றும் இந்த ஒரு செயல்பாட்டில் சேர்ந்துவிடுகின்றன.

சில நடைமுறைக் குறிப்புகள்: தலைமையாசிரியர் அனுமதியும் பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒத்துழைப்பும் தேவை. வெயிலைக் கருதி காலை 7.30 முதல் 10.30 வரை போதும். குடிநீரும் முதலுதவிப் பெட்டியும் கைவசம் இருக்கட்டும். பெற்றோரின் ஷிப்ட் நேரத்தைக் கேட்டறிந்து, பிள்ளைகளை அழைத்துச் செல்பவர் யார் என்பதைப் பதிவு செய்யுங்கள். தொல்லியல் இடங்களிலிருந்து எதையும் எடுத்துவரக் கூடாது. படம் வரைந்தால் போதும். 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு வானவில் மன்றச் செயல்பாடுகளையும் இணைத்துக்கொள்ளலாம்.

முகாமில் எழுதிய கேள்விகளைப் பத்திரப்படுத்துங்கள். ஜூனில் பள்ளி திறந்ததும், உரிய பாடம் வரும்போது, கேட்ட மாணவரின் பெயரைச் சொல்லி அந்தக் கேள்வியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.