குற்றக் கணக்கும் நம் பாதுகாப்பும்

"வட சென்னையா? ரவுடிகள் நிறைந்த இடமாயிற்றே!" இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளில் வாழும் நாம் இப்பேச்சைப் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் ஓர் ஊரின் பாதுகாப்பைப் பேச்சால் அளக்க முடியுமா? அதை அளக்க உதவுவதே குற்ற விகிதம்.

ஓராண்டில் பதிவான வழக்குகளை மக்கள் தொகையால் வகுத்து, ஓர் இலட்சத்தால் பெருக்க வேண்டும். 500 பேர் வாழும் சிற்றூரில் ஒரே ஒரு திருட்டு நடந்தாலும் விகிதம் 200. ஓர் இலட்சம் பேர் வாழும் நகரில் 100 திருட்டுகள் நடந்தால் விகிதம் 100 தான்! ஆகவே சிற்றூரை ஓராண்டுக் கணக்கால் மட்டும் எடை போடலாகாது. துறைமுகத்திற்கு நாள்தோறும் வந்து போகும் லாரிக்காரர்களும் தொழிலாளர்களும் இப்பகுதியின் மக்கள் தொகையில் சேர்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மற்றொன்று, பதிவான குற்றங்களே கணக்கில் ஏறும். குடும்ப மானம் போய்விடும் என்று மறைக்கப்படும் கொடுமைகள் ஏறா. இக்குறை நீங்கவே தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992ஆம் ஆண்டு சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பெண்கள் துணிந்து புகார் கொடுத்தால் வழக்குகளின் எண்ணிக்கை கூடும். அதனால் குற்றம் பெருகிவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

1.7.2024 முதல் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். சிறுவர் சிறுமியர் 1098 என்ற எண்ணையும், பெண்கள் 181 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

தோழியரே, தீங்கு நேர்ந்தால் மறைக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளைகள் சொல்ல வரும்போது அவர்களை அதட்டாமல் கேளுங்கள்!